பெய்ஜிங் வீட்டின் கன்னி மூலையில் கக்கூஸ்

மாசத்துக்கு ஒரு போனாவது இப்படி வந்துவிடுகிறது. சென்னையிலோ கோவையிலோ ஃபிளாட் வாங்கிய சொந்தக்காரர்கள், கூடப் படித்தவர்கள். தேங்காய் என்ன விலை போகுது, மழை உண்டா என்று விசாரித்துவிட்டு மெதுவாக விஷயத்துக்கு வருவார்கள். "ஏனுங்க, பாத்ரூம் தென்கிழக்குல வந்துடுச்சு. அது பணம் சேர்ற மூலைன்னு ஃபெங் சுயி புத்தகத்துல போட்டிருக்குது. இடிச்சு மாத்தணுமா?" வாசலுக்கு நேரே கக்கூஸ் கதவு தெரிந்தால் வந்த லட்சுமி அப்படியே போய்விடுமாம். மூடி திறந்து கிடந்தால் காசு தண்ணியோடு போகுமாம். வீட்டு நடுவில் இருந்தால் உடம்புக்கு ஆகாதாம்.

நான் வாஸ்து பார்க்கிறவனும் இல்லை, கொத்தனாரும் இல்லை. உடுமலைப் பக்கம் தென்னையும் நாலு மாடும் எருக்குழியும் வைத்திருக்கிற விவசாயி. ஆனால் இந்தக் கேள்வியை விவசாயியிடம் கேட்பது சரிதான்னு இப்போ தோணுது. சீனாவில் கக்கூஸ் எங்கே இருக்கணும் என்பதில் இரண்டாயிரம் வருஷமாக விவசாயியின் கைதான் ஓங்கியிருந்தது. அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பாத்ரூமை இடிக்கலாமா வேண்டாமா என்று அதைப் படித்துவிட்டு நீங்களே முடிவு பண்ணிக்கலாம்.

காத்தும் தண்ணியும்

ஃபெங் என்றால் காற்று, சுயி என்றால் தண்ணீர். அவ்வளவுதான் அந்தப் பேருக்கு அர்த்தம். இதன் மூலநூல் என்று சொல்லப்படுவது 'அடக்க நூல்'. கி.பி. 276 முதல் 324 வரை வாழ்ந்த குவோ பூ என்பவர் எழுதியதாக மரபு. பேரிலேயே தெரிகிறது, அது வீடு கட்டச் சொல்லித்தந்த நூல் இல்லை. செத்தவர்களை எங்கே புதைப்பது என்று சொன்ன நூல். பூமிக்குள் ஓடும் 'சி' என்ற உயிர்ச்சக்தி காற்றில் கலைந்துபோகும், தண்ணீர் கண்ட இடத்தில் நிற்கும் என்பது அதன் அடிப்படை. அதனால் காற்று மறைவாகவும் தண்ணீர் பக்கத்திலும் இருக்கிற இடம் நல்ல இடம்.

விவசாயி காதில் இது மந்திரம் மாதிரி விழாது. வட சீனாவில் குளிர்காலத்தில் வடமேற்கிலிருந்து, சைபீரியாப் பக்கமிருந்து, எலும்பைத் துளைக்கிற காற்று வரும். முதுகுக்கு மலை, முகத்துக்குத் தெற்கு வெயில், முன்னால் ஓடை என்று ஊர் அமைந்தால் அங்கே பிழைக்கலாம். வெள்ளாமையும் வரும். இந்த அனுபவம்தான் மெதுவாக விதியாக இறுகியது.

இதில் 'பாத்ரூம்' எங்கே? நாம் இப்போது சொல்கிற பாத்ரூம், அதாவது குழாய் வைத்து, டைல்ஸ் ஒட்டி, படுக்கையறைக்கு நாலடி தள்ளி இருக்கிற அறை, அந்தக் காலத்து சீன வீட்டிலேயே கிடையாது. அங்கே இருந்தது வேறு ஒன்று.

பன்றிக்கு மேலே ஒரு படிக்கட்டு

சீன எழுத்தில் 'வீடு' என்பதற்கு ஒரு கூரை போட்டு அதற்குக் கீழே ஒரு பன்றியை எழுதுவார்கள். இன்றைக்கும் அதே எழுத்துதான். இன்னொரு பழைய எழுத்து உண்டு: நாலு பக்கமும் அடைத்த ஒரு கட்டம், உள்ளே பன்றி. 'ஹுன்' என்று படிக்கணும். அதற்குப் பன்றிப்பட்டி என்றும் அர்த்தம், கக்கூஸ் என்றும் அர்த்தம். ஒரே எழுத்துக்கு எப்படி இரண்டு அர்த்தம் என்று கேட்டால், இரண்டும் ஒரே இடம், அதனால்தான்.

ஹான் அரசர்கள் காலத்துக் கல்லறைகளில், அதாவது கி.மு. 206 முதல் கி.பி. 220 வரையிலான காலம், சுட்ட மண்ணில் செய்த சின்னச் சின்ன பொம்மை வீடுகள் நிறைய கிடைத்திருக்கின்றன. நெல் குதிர், கிணறு, அடுப்பு, மாட்டுத் தொழுவம் எல்லாம் செய்து செத்தவரோடு வைத்திருக்கிறார்கள். அடுத்த உலகத்திலும் பண்ணையம் நடக்கணும் இல்லையா! அதில் ஒன்று பன்றிப்பட்டி. பட்டியின் ஓரத்தில் உயரமாக ஒரு சின்ன அறை, ஏறிப்போகப் படிக்கட்டு. மேலே மனிதர் உட்கார, கீழே பட்டியில் பன்றி நிற்கும். மிச்சத்தை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். பன்றி மிதித்து, வைக்கோலும் இலைதழையும் சேர்ந்து, ஆறு மாசத்தில் அத்தனையும் எருவாகிவிடும். இந்த பொம்மைகள் உலகத்தின் பல அருங்காட்சியகங்களில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன.

நம் வீட்டில் யாராவது இறந்தால் கக்கூஸ் பொம்மை செய்து கூட வைப்போமா? அவர்கள் வைத்தார்கள். அது அசிங்கம் என்று அவர்கள் நினைத்திருந்தால் சாமான்களின் பட்டியலிலேயே சேர்த்திருக்க மாட்டார்கள். அது ஒரு சொத்து.

பயமே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஜின் நாட்டு அரசர் ஜிங் கி.மு. 581இல் கக்கூஸ் குழிக்குள் விழுந்து செத்ததாக 'ஸுவோ ஸுவான்' என்ற பழைய வரலாற்று நூல் பதிவு செய்திருக்கிறது. அந்தக் கதையிலும் ஒரு வெள்ளாமை இருக்கிறது. புதுக் கோதுமையை நீங்கள் சாப்பிடமாட்டீர்கள் என்று ஒரு குறி சொல்கிறவர் அரசரிடம் சொல்லியிருந்தார். கோதுமை அறுவடையாகி, சமைத்து, தட்டும் வந்தாச்சு. அரசர் குறிகாரரைக் கூப்பிட்டு அந்தத் தட்டைக் காட்டிவிட்டு அவரைக் கொன்றே போட்டார். சாப்பிட உட்காரும்போது வயிறு ஊதிக்கொண்டது. கக்கூஸுக்குப் போனார், விழுந்தார், முடிஞ்சது கதை.

கக்கூஸுக்கு ஒரு பெண் தெய்வமும் உண்டு. ஸிகு என்று பேர். மூத்த மனைவியின் கொடுமையால் செத்துப்போன ஒரு இளைய மனைவி அவள். வருஷத்தின் முதல் மாசம் பௌர்ணமி ராத்திரி, பெண்கள் ஒரு பொம்மை செய்து கக்கூஸிலோ பன்றிப்பட்டி ஓரத்திலோ அவளைக் கூப்பிடுவார்கள். இந்த வருஷம் பட்டுப்புழு எப்படி வரும் என்று குறி கேட்பார்கள். கி.பி. 5ஆம் நூற்றாண்டு நூலிலேயே இந்த வழக்கம் இருக்கிறது. எங்க உடுமலைப் பக்கமும் பட்டுப்புழு வளர்க்கிறவர்கள் அதிகம். கூடு விலை கேட்க மார்க்கெட்டுக்குத்தான் போகிறார்கள், கக்கூஸுக்கு யாரும் போவதில்லை! ஆனால் வீட்டு மருமகள்கள் மனம்விட்டு அழவும் பேசவும் கிடைத்த ஒரே மறைவான இடம் அதுதான் என்று நினைத்தால், அந்தத் தெய்வம் ஏன் அங்கே குடியிருந்தாள் என்று புரிகிறது.

எருவுக்கு ஒரு வீடு

எனக்கு ரொம்பப் பிடித்தது சென் ஃபூ என்பவரின் வேளாண் நூல். 1149இல் எழுதியது. தென் சீனாவில் நெல்லும் பட்டும் செய்த பகுதியைப் பற்றியது. எழுதும்போது அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. தானும் இறங்கி வேலை செய்த ஆள் என்பது படித்தாலே தெரியும்.

அவர் சொல்வது இது: விவசாயி வீடு ஒவ்வொன்றின் பக்கத்திலும் எருவீடு ஒன்று கட்டாயம் வேண்டும். மழையும் காற்றும் அடிக்காதபடி கூரையைத் தாழ்வாக இறக்கணும். எரு வெட்டவெளியில் கிடந்தால் சத்துப் போய்விடும். உள்ளே ஆழமாகக் குழி வெட்டி, ஒழுகாமல் செங்கல் வைத்துக் கட்டணும். சாம்பல், உமி, பதர், உதிர்ந்த இலை எல்லாம் அதில் சேர்க்கணும். பச்சையாகக் கொண்டுபோய் வயலில் கொட்டினால் பயிர் வெந்துபோகும், கை காலுக்கும் கெடுதல். நிலம் சத்து இழந்து கிழடாகிவிடும் என்று சொன்னவர்களை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. சரியாக எரு கொடுத்தால் மண் என்றைக்கும் புதுசாக இருக்கும் என்று அடித்துச் சொன்னார்.

கவனித்தீர்களா? எட்டு நூற்றாண்டுக்கு முந்தின ஒரு விவசாயி நாலு விஷயம் சொல்கிறார்: வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கணும், கூரை வேண்டும், ஒழுகக் கூடாது, பச்சையாகப் போடக் கூடாது. எந்தத் திசை என்று அந்த இடத்தில் பேச்சே இல்லை. எங்க அப்பாரு எருக்குழியைப் பற்றிச் சொன்னதும் ஏறக்குறைய இதேதான். கட்டுத்தரைக்குப் பக்கமா இருக்கணும், மழைத்தண்ணி உள்ளே போகக் கூடாது, வெயில் படாம தென்னை மட்டை போட்டு மூடணும், மக்காத எருவைத் தோட்டத்துக்குள்ள விடாதே.

சண்டை போட்டு அள்ளிய ஊர்

ஊர் பெருசாக ஆக ஆக, எரு கிராமத்தில் மட்டும் இல்லாமல் நகரத்திலும் விளைய ஆரம்பித்தது. 13ஆம் நூற்றாண்டில் ஹாங்சோ உலகத்தின் பெரிய நகரங்களில் ஒன்று. அந்த ஊரைப் பற்றி வூ ஸிமூ என்பவர் எழுதி வைத்திருக்கிறார். சந்து பொந்தில் இருந்த ஏழைகளின் வீட்டில் கக்கூஸ் கிடையாது, மரவாளிதான். தினமும் ஆள் வந்து எடுத்துப் போவார். ஒவ்வொருவருக்கும் இன்ன இன்ன வீடு என்று பிரிவினை உண்டு. ஒருத்தர் வாடிக்கையில் இன்னொருத்தர் கை வைத்தால் தகராறு. முற்றினால் வழக்கு நீதிமன்றம் வரைக்கும் போகும், ஜெயிக்காமல் விடமாட்டார்கள். எங்க ஊரில் வாய்க்கால் முறைத் தண்ணிக்கு நடக்கிற சண்டை எனக்கு ஞாபகம் வந்தது. எது மதிப்புள்ளதோ அதற்குத்தானே சண்டை.

அந்த மரவாளிக்கு 'மாதோங்' என்று பேர். ஷாங்காய், சூசோ பக்கங்களில் கல்யாணப் பெண்ணுக்குச் சீர் கொடுக்கும்போது சிவப்பு அரக்குப் பூசிய வாளியும் அதில் சேரும். 'வம்சவாளி' என்றுதான் அதைச் சொன்னார்கள்: பிள்ளை, பேரன் பிறக்கும் வாளி. உள்ளே சிவப்பு முட்டை, இலந்தை, நிலக்கடலை எல்லாம் போட்டு அனுப்புவார்கள். பிரசவமும் அந்த வாளியில் நடந்த காலம் உண்டு. கக்கூஸ் என்றாலே செல்வம் ஓடிப்போகும் என்று இன்றைக்குப் புத்தகம் விற்கிறார்கள். அந்தப் புத்தகம் பிறந்த நாட்டில் அதையே மங்கலப் பொருளாகச் சீர்வரிசையில் வைத்தார்கள்.

1909இல் அமெரிக்காவிலிருந்து ஃபிராங்க்ளின் ஹிராம் கிங் என்ற மண் விஞ்ஞானி சீனா, கொரியா, ஜப்பான் எல்லாம் சுற்றினார். அமெரிக்க வேளாண் துறையில் வேலை பார்த்தவர். அவர் 1911இல் இறந்துபோக, அந்த வருஷமே 'நாற்பது நூற்றாண்டு விவசாயிகள்' என்ற புத்தகம் வந்தது. இயற்கை விவசாயம் பேசுகிறவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். 1908இல் ஷாங்காயின் ஒரு பகுதியில் வீடு வீடாகப் போய்க் கழிவை அள்ளும் உரிமைக்கு ஒரு சீன ஒப்பந்தக்காரர் நகர நிர்வாகத்துக்கு 31,000 டாலருக்கு மேல் கொடுத்தார் என்று அதில் எழுதியிருக்கிறார். 78,000 டன் சரக்கு. அது படகில் ஏறிக் கால்வாய் வழியாக வயலுக்குப் போனது. நம்ம நகராட்சிகள் இன்றைக்கு அதே சரக்கை ஒழிக்கக் கோடி கோடியாகச் செலவு செய்கின்றன. அங்கே நகராட்சிக்கு அது வருமானம்.

தென்மேற்கு மூலை

இப்போ திசைக்கு வருவோம். பெய்ஜிங்கின் பழைய வீடுகளில் நாலு பக்கமும் கட்டடம், நடுவில் முற்றம். நம்ம தொட்டிக்கட்டு வீடு மாதிரிதான். பெரியவர்கள் இருக்கும் முக்கியக் கட்டடம் வடக்கே, தெற்குப் பார்த்து. தலைவாசல் தென்கிழக்கு மூலையில். கக்கூஸ் எங்கே? தென்மேற்கு மூலையில்.

கொங்குப் பக்கத்து ஆட்களுக்கு இதைப் படித்ததும் தூக்கிவாரிப் போடும். தென்மேற்கு நமக்குக் கன்னி மூலை. அங்கே கனமாக, உயரமாக இருக்கணும். வீட்டுக்காரர் படுக்கிற அறை வேணும். கக்கூஸோ குழியோ மட்டும் கூடவே கூடாது என்று எந்த வாஸ்துக்காரரைக் கேட்டாலும் சொல்வார். நாம் எந்த மூலைக்குப் பயப்படுகிறோமோ, அதே மூலையில் பெய்ஜிங்காரர் தலைமுறை தலைமுறையாக உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறார்.

அவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. 'எட்டு வீடு' என்ற முறை. வீட்டின் முதுகு எந்தத் திசையில் இருக்கிறதோ அதை வைத்து நாலு திசை நல்லது, நாலு திசை கெட்டது. முதுகு வடக்கே இருந்தால் தென்கிழக்கு ரொம்ப நல்ல திசை, அதனால் வாசல் அங்கே. தென்மேற்கு எல்லாவற்றிலும் மோசமான திசை, 'ஆயுள் அறுபடும் மூலை'. கெட்ட மூலையில் அசுத்தத்தை வைத்து அதை அமுக்கிவிடணும் என்பது தர்க்கம். நல்ல மூலையைக் கக்கூஸுக்கு வீணாக்காதே என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

எனக்குப் படுவது இன்னொன்று. அங்கே குளிர்காலக் காற்று வடமேற்கிலிருந்து வரும், கோடைக் காற்று தென்கிழக்கிலிருந்து வரும். இரண்டுமே தென்மேற்கு மூலையைத் தொட்டு வடக்குக் கட்டடத்துக்குப் போகாது. பெரியவர்கள் இருக்கிற அறைக்கு நாற்றம் வராது. வாசல் பக்கத்து வெளிமுற்றத்திலேயே இருப்பதால் அள்ள வருகிற ஆள் உள்முற்றத்துக்குள் நுழைய வேண்டியதில்லை. காத்து, போக்குவரத்து இரண்டுக்கும் அந்த மூலை தோதானது.

அதே கணக்கை எங்க ஊருக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசிக் கடைசியில் ஆரம்பிக்கிற காத்து ஆவணி வரை மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும்தான் வீசும். ஆடிக் காத்தில் அம்மியே பறக்கும் என்பார்களே, அந்தக் காத்து. பெய்ஜிங் மாதிரி தென்மேற்கில் குழிக் கக்கூஸ் கட்டியிருந்தால் மூணு மாசம் வீட்டில் சோறு தின்ன முடியாது. கன்னி மூலையில் கூடாது என்று நம்ம பெரியவர்கள் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம். பெய்ஜிங்காரரும் எங்க அப்பாருவும் எதிரெதிர் மூலை சொன்ன மாதிரி தெரிந்தாலும், சொன்னது ஒன்றேதான்: உன் ஊர்க் காத்தைப் பார்த்துக் கட்டு.

கிருமியும் கையும்

பழசெல்லாம் பொன் என்று முடித்துவிட முடியாதுங்க. பன்றிப்பட்டிக் கக்கூஸும் வயலுக்குப் போன பச்சைக் கழிவும் கொக்கிப்புழு, உருளைப்புழு, பேதி என்று கோடிக்கணக்கான பேரை வாட்டின. தென் சீன வயல்களில் நத்தைக் காய்ச்சல் என்ற ஒட்டுண்ணி நோயில் வயிறு வீங்கிக் கிராமங்களே காலியாகின. 1949க்குப் பிறகு வந்த அரசு ஃபெங் சுயியை மூடநம்பிக்கை என்று ஒதுக்கியது. கலாச்சாரப் புரட்சியில் திசைகாட்டிகளையும் நூல்களையும் உடைத்தார்கள், எரித்தார்கள். கக்கூஸை மட்டும் அரசு விடவில்லை. தண்ணீரையும் மலத்தையும் நிர்வாகம் செய். கிணறு, கக்கூஸ், பட்டி, அடுப்பு, சுற்றுப்புறம் ஐந்தையும் திருத்து என்று கிராமம் கிராமமாக இயக்கம் நடந்தது. கழிவை மூடிய குழியில் மாசக்கணக்கில் ஊறவைத்துக் கிருமி செத்த பிறகே வயலுக்கு விடணும் என்றார்கள். சென் ஃபூ சொன்னதுதான், காரணம் மட்டும் இப்போது தெரிந்துவிட்டது. 1970களில் கக்கூஸையும் பன்றிப்பட்டியையும் சாண எரிவாயுக் கலனோடு இணைத்து லட்சக்கணக்கில் கட்டினார்கள். நம்ம கோபர் கேஸ் மாதிரிதான்.

அள்ளிய கைகளையும் மறக்கக் கூடாது. சரக்குக்கு விலை இருந்தது, அள்ளியவருக்கு மதிப்பு இல்லை. ஷி சுவான்ஷியாங் என்று ஒருவர், 1915இல் பிறந்தவர். சின்ன வயசிலேயே பெய்ஜிங்குக்கு வந்து முதுகில் மலவாளி சுமந்தார். 1959இல் முன்மாதிரித் தொழிலாளர் மாநாட்டில் நாட்டின் தலைவர் லியு ஷாவோசி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தப் படம் நாடு முழுக்கப் போனது. அடுத்த சில வருஷத்தில் லியு வீழ்ந்தார். அவரோடு கை குலுக்கிய குற்றத்துக்காக இவரும் அவமானப்படுத்தப்பட்டு, உடம்பு கெட்டு, 1975இல் இறந்தார்.

நம்ம நாட்டில் கதை இன்னும் கொடுமை. இங்கே சரக்குக்கும் விலை இல்லை, சுமந்த சாதிக்கும் மதிப்பு இல்லை. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், போதாமல் 2013இல் இன்னொரு சட்டம் போட வேண்டியிருந்தது. இன்றும் செப்டிக் டேங்கில் இறங்கி விஷவாயுவில் ஆட்கள் சாகிறார்கள்.

பணம் எப்படிக் கக்கூஸுக்குள் போனது?

குழியும் வாளியும் போய்க் குழாய் வந்ததும் கக்கூஸ் வீட்டுக்குள் வந்துவிட்டது. அடுக்குமாடியில் அதற்கு வெளிமுற்றமும் இல்லை, பட்டியும் இல்லை. கழிவு எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. காரணங்கள் கழன்றுபோன பிறகு பயம் மட்டும் மிஞ்சியது. தண்ணீர் என்றால் செல்வம் என்ற பழைய குறியீட்டைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் குழாயில் இறங்கினால் செல்வமும் இறங்கும் என்று ஆயிற்று. மூடியை மூடு என்பதும் அப்படி வந்ததுதான். கோப்பைக்கு மூடியே மேல்நாட்டிலிருந்துதானே வந்தது!

1980களில் அமெரிக்காவில் லின் யுன் என்பவர் ஒரு புது ஃபெங் சுயியைப் பரப்பினார். அதில் திசைகாட்டியே வேண்டாம். வாசலில் நின்று பார்த்தால் தூரத்து இடது மூலை பணமூலை. ஆங்கிலப் புத்தகங்கள் வழியாக இதுவும் பழைய முறைகளும் கலந்துகட்டி நம்ம ஊர்க் கடைக்கு வந்து சேர்ந்தன. கிழக்குப் பார்த்த ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கடைப் புத்தகம் தென்கிழக்கு பணமூலை, அங்கே கக்கூஸ் ஆகாது என்கும். 'எட்டு வீடு' முறையில் அந்த வீட்டுக்குத் தென்கிழக்கு கெட்ட திசை, கக்கூஸ் தாராளமாக அங்கே வரலாம். லின் யுன் முறையில் உள்ளே நுழைந்ததும் தூரத்து இடது மூலை தென்மேற்கு, பணம் அங்கே இருக்கிறது. ஒரே வீடு, மூணு பதில். எதை நம்பிச் சுவரை இடிப்பீர்கள்?

அதே கடையில் பாத்ரூம் தோஷத்துக்கு 'அதிர்ஷ்ட மூங்கில்' வைக்கச் சொல்வார்கள். அது மூங்கிலே இல்லைங்க. டிரசீனா என்கிற ஆப்பிரிக்கச் செடி. ஈரத்தில் நன்றாக வளரும், பார்க்க அழகாக இருக்கும். அதற்காக வேண்டுமானால் வையுங்கள்.

நான் கேட்கச் சொல்கிற கேள்விகள்

இதெல்லாம் சும்மா நம்பிக்கைதானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் உண்டு. எங்க பக்கத்தில் ஒரு புது வீடு கட்டினார்கள். கிணறு ஈசானிய மூலை, செப்டிக் டேங்க் வாயு மூலை என்று வரைபடம் சுத்தமாக இருந்தது. ஆனால் வாயு மூலையில் வேலிக்கு அந்தப்பக்கம் இருபது அடியில் பக்கத்துத் தோட்டத்துக் கிணறு. டேங்குக்கு அடியில் கான்கிரீட்டும் போடவில்லை. எங்க பூமி ஓடக்கல், பாறையில் வெடிப்பு ஜாஸ்தி. அழுக்குத் தண்ணிக்கு அது ராஜபாட்டை. இரண்டு மழைக்குப் பிறகு கிணத்துத் தண்ணி வாடை அடித்தது. அந்த வீட்டுக் குழந்தைக்கு மாறி மாறி வயித்துப்போக்கு. இப்போ கிணத்தை வைத்துக்கொண்டே கேன் தண்ணி வாங்குகிறார்கள். திசை எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

பேரிடர் முகாம்களுக்காக உலக அளவில் பின்பற்றும் ஸ்ஃபியர் கையேட்டில் ஒரு கணக்கு இருக்கிறது. கக்கூஸ் குழிக்கும் கிணற்றுக்கும் குறைந்தது 30 மீட்டர் இருக்கணும். குழியின் அடி நிலத்தடி நீர் மட்டத்துக்கு 1.5 மீட்டராவது மேலே நிற்கணும். பாறை வெடிப்பு உள்ள இடத்தில் இன்னும் தள்ளிப் போவது நல்லது. மனை சின்னதென்றால் பக்கத்து வீட்டுக் கிணற்றையும் போரையும் சேர்த்தே அளந்து பாருங்கள். தண்ணிக்கு வேலி தெரியாது.

அப்புறம் காத்து. உங்கள் ஊரில் எந்த மாசம் எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று அங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு பெரியவரிடம் கேளுங்கள். பாத்ரூம் ஜன்னல் காத்து வெளியேறும் பக்கம் இருக்கட்டும். ஃபிளாட்டில் நடு அறையாக மாட்டிக்கொண்டால் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போடுங்கள். வீட்டு நடுவில் கக்கூஸ் ஆகாது என்ற விதியில் உண்மை இருப்பது அந்தக் காத்தோட்டத்தில்தான்.

மூணாவது கேள்வியை எந்தப் புத்தகமும் கேட்பதில்லை. நிறைந்தால் யார் எடுப்பார்கள், எப்படி எடுப்பார்கள்? லாரியின் குழாய் எட்டுகிற இடத்தில் டேங்க் இருக்கணும். மூடி தரைக்கு மேலே, திறக்கிற மாதிரி இருக்கணும். பணமூலையைக் காப்பாற்றப்போய் டேங்கை லாரி நுழையாத பின்சந்தில் ஒளித்துவைத்தால், நாளைக்கு அதில் ஒரு ஆளை இறங்கச் சொல்ல வேண்டிவரும். அந்தப் பாவத்துக்குப் பரிகாரம் எந்தக் கடையிலும் விற்பதில்லை.

இடம் இருக்கிறவர்கள் இன்னும் ஒரு படி போகலாம். திருச்சி மாவட்டம் முசிறியில் மலத்தையும் மூத்திரத்தையும் தனித்தனியாகப் பிரித்து, சாம்பல் போட்டு மக்கவைக்கிற கக்கூஸ்கள் வந்து பல வருஷம் ஆகிறது. ஊரார் வந்து பயன்படுத்தினால் காசு கொடுத்த பொதுக் கக்கூஸும் அங்கே இருந்தது. ஹாங்சோவில் நீதிமன்றம் வரை சண்டை போட்டார்கள் என்று சொன்னேனே, அந்தச் சரக்கின் மதிப்பு காவிரிக் கரையிலும் ஒரு ஊருக்குப் புரிந்திருக்கிறது.

ஆக, தென்கிழக்கு பாத்ரூமை இடிக்க வேண்டாம். இடிக்கிற காசு கையில் இருந்தால் முதலில் டேங்கின் அடியில் ஒழுகாமல் பூசுங்கள். அப்படியே கிணத்துத் தண்ணியை ஒரு தடவை லேபில் கொடுத்துப் பாருங்கள். ஃபெங் சுயி என்ற பேரிலேயே இரண்டு விஷயம்தான் இருக்கிறது, காத்தும் தண்ணியும். அந்த இரண்டையும் கெடுக்காத மூலை எதுவோ, உங்கள் வீட்டுக்கு அதுதான் நல்ல மூலை.